பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளும் நமது பங்கும்

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு 'அன்புக் கரங்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்து உறவினரின் பாதுகாப்பில் வளரும் பிள்ளைகளுக்கு, பதினெட்டு வயது வரை மாதம் 2,000 ரூபாய் வழங்குவது இதன் நோக்கம். பள்ளிப் படிப்பு முடிந்தபின் உயர்கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவுவதாகவும் அறிவிக்கப்பட்டது. முதற்கட்டமாக 6,082 பிள்ளைகள் இதில் சேர்க்கப்பட்டனர். ஒரு நாள் செய்தியாக வந்து, மறுநாள் வேறு செய்திகளுக்குள் இது மறைந்துபோனது. ஆயினும் பங்கு மக்களாகிய நாம் சற்று நின்று பார்க்க வேண்டிய செய்தி இது என்று கருதுகிறோம். உதவித் தொகையின் அளவு நம் கவனத்தை ஈர்க்கவில்லை. 'உறவினரின் பாதுகாப்பில் வளரும் பிள்ளைகள்' என்ற ஒரு பிரிவு உண்டு, அவர்களை வளர்ப்பவருக்குக் கைகொடுப்பது பொதுக் கடமை என்று அரசு ஏற்றுக்கொண்டிருப்பதே கவனத்திற்குரியது. நம்மில் பலர் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை.

ஒரு வீட்டில் தாய் இறந்துவிடுகிறாள். தந்தை குடியில் விழுகிறார், அல்லது வேறு திருமணம் செய்துகொண்டு வெளியூர் போய்விடுகிறார். 'தாய் செத்தால் தகப்பன் சித்தப்பன்' என்று நம் முன்னோர் சொன்னது வெறும் கசப்பில் அல்ல, கண்டு சொன்னார்கள். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவுகள் கூடும்போது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்ற பேச்சு வரும். கைக்குழந்தை அம்மாச்சியிடம், பெண் பிள்ளை சித்தியிடம், மூத்தவன் ஏதாவதொரு இல்லத்தில் என்று பிரித்துக்கொள்வார்கள். எந்தக் காகிதத்திலும் எழுதப்படாத முடிவு அது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் அடுத்த பத்து ஆண்டுகளை அதுவே நிர்ணயித்துவிடுகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைக் கிராமங்களில் பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பலரை உறவினர்தாம் வளர்த்தனர். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போதும் அப்படித்தான் நடந்தது. அவ்வாண்டு மே மாதம் தமிழக அரசு, பெற்றோர் இருவரையும் கொரோனாவுக்குப் பறிகொடுத்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்ச ரூபாய் வைப்புத் தொகையையும், அவர்களை வளர்க்கும் உறவினர் அல்லது பாதுகாவலருக்கு மாதம் 3,000 ரூபாயையும் அறிவித்தது. கொரோனாவால் பெற்றோரை இழந்தால் 3,000 ரூபாய். அதே மாதத்தில் சாலை விபத்தில் இழந்தால்? அதற்குப் பதில் சொல்ல நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பதிலும் 2,000 ரூபாயாகவே வந்தது.

சட்டம் இதில் மக்களைவிட முன்னே நிற்கிறது எனலாம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்துள்ளது. அதன் 45-ஆம் பிரிவு, பெற்றோரை இழந்து உறவினர் குடும்பத்தில் வாழும் பிள்ளைகளுக்கு நிதி ஆதரவு வழங்கலாம் என்கிறது. ஐ.நா. பொதுப்பேரவை 2009-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளோ இன்னும் ஒரு படி மேலே போய், பிள்ளைக்கு அறிமுகமான நெருங்கிய குடும்ப நண்பர்களையும் இந்த உறவு வட்டத்திற்குள் சேர்த்தன.

நடைமுறைக்கு வருவோம். 2022-இல் வெளியான 'மிஷன் வத்சல்யா' நெறிமுறைகள் நிதி ஆதரவுத் தொகையை மாதம் 4,000 ரூபாய் என்று உயர்த்தின. முன்பு அது 2,000 ரூபாயாக இருந்தது. ஆனால் அந்த நெறிமுறைகள் வைத்த வருமான வரம்பைக் கவனியுங்கள். கிராமப்புறத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது, மற்ற இடங்களில் 96,000 ரூபாய். அதாவது கிராமத்தில் மாதம் 6,000 ரூபாய், நகரத்தில் 8,000 ரூபாய். கணவன் கொத்தனார் வேலைக்கும் மனைவி பனியன் கம்பெனிக்கும் போகும் ஒரு வீடு இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். தங்களுக்கே இரண்டு பிள்ளைகள் இருக்க, இறந்துபோன அக்காளின் இரண்டு பிள்ளைகளையும் அவர்கள் கூட்டி வந்திருந்தால், சட்டப்படி அவர்கள் 'வசதியானவர்கள்'! 'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு' என்பார்கள். நான்கு வயிறு நிறைய வேண்டிய வீட்டில் ஆறு வயிறு. பள்ளி தொடங்கும் ஜூன் மாதத்தில் அந்தச் சித்தியின் காதில் தோடு இருக்கிறதா, அடகுக் கடையில் இருக்கிறதா என்று பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

உறவினர்தானே, சொந்தப் பிள்ளையைப்போல் வளர்க்கட்டுமே, எதற்குக் காசு என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இருப்பதல்ல. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் இதே வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போனது. அரசின் பொறுப்பில் இருந்த நான்கு உடன்பிறப்புகளில் இருவரை அவர்களது மூத்த அக்காளே தன் வீட்டிற்கு அழைத்து வந்தாள். அன்னியர் ஒருவர் அந்தப் பிள்ளையை வளர்த்திருந்தால் மாதம் 105 டாலர் கொடுத்திருக்கும் அரசு, அக்காள் என்பதால் ஏறக்குறைய 63 டாலரோடு நிறுத்திக்கொண்டது. 1979-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உறவு என்ற காரணத்துக்காக வளர்ப்பவரின் உதவியைக் குறைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகும் வேறொரு தடை நீண்ட காலம் இருந்தது. தனித்தனிப் படுக்கையறை, இவ்வளவு சதுர அடி என்று அன்னியரான வளர்ப்புப் பெற்றோருக்காக மாநிலங்கள் வகுத்த விதிகளைப் பாட்டியின் சிறிய வீடு எப்படி நிறைவேற்றும்? 2023 செப்டம்பரில் வெளியான கூட்டரசு விதி, உறவினர் வீடுகளுக்குத் தனியான, எளிமையான தகுதி முறையை மாநிலங்கள் வகுத்துக்கொள்ளலாம் என்றது. அதே வேளையில் உதவித் தொகை அன்னியருக்குக் கொடுப்பதற்குக் குறையக்கூடாது என்றும் சொன்னது. பணக்கார நாட்டின் ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் உறவினரின் பாசத்தைக் காரணம் காட்டி அரசு தன் செலவைக் குறைத்துக்கொள்ளக் கூடாது என்ற நியாயம் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

விடுதலைப் பயண நூலில் இதற்கு ஓர் அழகான நிகழ்ச்சி உண்டு. நாணல் பேழையில் கிடந்த குழந்தை மோசேயைக் கண்டெடுத்த பார்வோனின் மகள், அவனுக்குப் பாலூட்ட ஒரு பெண்ணை அழைத்து வரச் செய்து, அதற்குக் கூலியும் பேசினாள். வந்தவள் அந்தக் குழந்தையின் சொந்தத் தாய். தன் பிள்ளைக்குப் பாலூட்டவே அவள் கூலி வாங்கினாள். அதனால் அவள் பாசம் குறைந்துவிட்டதாக எந்த மறையுரையிலும் நாம் கேட்டதில்லை.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நம் மறைமாவட்டங்களில் அருட்சகோதரிகளும் குருக்களும் நடத்தும் இல்லங்கள் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கின்றன, காப்பாற்றி வருகின்றன. உண்மையிலேயே போக்கிடம் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும். ஆனால் மே மாத விடுமுறையிலோ கிறிஸ்மஸ் விடுமுறையிலோ அந்த இல்லங்களுக்குப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் படுக்கைகள் காலியாக இருக்கும். பிள்ளைகள் 'வீட்டுக்கு' போயிருப்பார்கள்! போவதற்கு ஒரு பாட்டியோ, அத்தையோ, பல வேளைகளில் தாயோ இருக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பியது அன்பு இல்லாமை அல்ல, அரிசியும் பள்ளிக் கட்டணமும் இல்லாமை.

நாம் என்ன செய்கிறோம்? நம் பிள்ளையின் பிறந்த நாளுக்கு இல்லத்தில் ஒரு வேளை சாப்பாடு போடுகிறோம். கேக் வெட்டிப் படம் எடுத்துக்கொள்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் நம் அன்பியத்திலேயே, நான்கு வீடு தள்ளி, இரண்டு பேரப்பிள்ளைகளை இட்லி சுட்டு விற்று வளர்க்கும் பாட்டி இருக்கிறார். அவர் வீட்டுக்கு அந்தச் சாப்பாடு போவதில்லை. பாட்டி பேரனை வளர்ப்பது இயற்கை, அதில் உதவ என்ன இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். அவரால் முடியாமல் போய், பேரனை இல்லத்தில் சேர்த்த அடுத்த மாதமே, அதே பேரன் நம் பிறந்த நாள் பந்தியில் உட்கார்ந்திருப்பான். பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிரித்த பிறகுதான் நம் தர்மம் அவனை எட்டுகிறது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பாட்டிகளையும் சித்திகளையும் பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அவர்களும் துக்க வீட்டார். அன்னியர் ஒரு பிள்ளையை வளர்க்க எடுத்தால், அந்தப் பிள்ளையின் இழப்பு பிள்ளையினுடையது மட்டும். பாட்டிக்கோ இறந்தவள் சொந்த மகள். இரவில் பேத்தி அம்மாவைக் கேட்டு அழும்போது, அவளைத் தேற்ற வேண்டியவருக்கும் அதே அழுகை. மருமகன்மீது உள்ள ஆத்திரம் பேரன்மீது பாயும். பாலைக் கொட்டிவிட்டால் 'அப்பன் புத்தி அப்படியே இருக்கு' என்று ஒரு சொல் விழும். அந்தச் சொல்லைப் பிள்ளை மறக்காது. இதற்காகப் பாட்டியைக் குறை கூறுவது நம் நோக்கம் அல்ல. வாரம் ஒருமுறை அவரிடம் உட்கார்ந்து, அவர் மகளைப் பற்றிப் பேசவிட்டுக் கேட்க ஆள் இருந்தால், அந்தச் சொல் குறையும். மரியாயின் சேனையினரும் வின்சென்ட் தே பவுல் சபையினரும் வீடு சந்திக்கும் பழக்கம் உள்ளவர்கள். நோயாளிகள் பட்டியலோடு இந்த வீடுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. 'அடுத்த ஞாயிறு எல்லாரும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்' என்று சொல்லுமுன், வகுப்பில் யார் யார் பாட்டியோடு கோயிலுக்கு வருகிறார்கள் என்று தெரிந்து வைத்திருங்கள். புதுநன்மை உடைக்கு ஆகும் செலவைப் பற்றியும் அப்படியே.

உறவு என்றாலே பாதுகாப்பு என்றும் நாம் சொல்ல வரவில்லை. பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் கொடுமைகளில் உறவினர் கை இருப்பதை அறிந்தே, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் உறவினர் செய்யும் குற்றத்துக்குக் கூடுதல் தண்டனை வைத்தது. தெரிந்தும் புகார் அளிக்காமல் இருப்பதும் அச்சட்டப்படி குற்றம். குடும்ப மானம் என்று மூடி மறைக்கும் உரிமை பங்குப் பேரவைக்கும் இல்லை. மற்றொன்று, 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்கிறது. 'குடும்பம்' என்பதற்குள் சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி அனைவரும் வருகிறார்கள். ஆக, மாமா கடையில் இரவு பத்து மணி வரை டம்ளர் கழுவும் சிறுவனைக் கேட்டால், 'வீட்டு வேலைதானே' என்று பதில் தயாராக இருக்கும். பெண் பிள்ளையாக இருந்தால், 'வளர்த்தவனுக்கே கட்டிக்கொடுத்துவிடலாம்' என்று தாய்மாமனைக் காட்டும் பேச்சு பதினாறு வயதிலேயே தொடங்கும். இறந்தவர் விட்டுச் சென்ற அரைக் கிரவுண்டு மனைக்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு.

இந்த இடத்தில்தான் எஸ்தர் நூலின் மொர்தக்காய் நமக்குத் துணை வருகிறார். தாயும் தந்தையும் இல்லாத எஸ்தர், அவருடைய சிற்றப்பன் மகள். அவளைத் தம் சொந்த மகளாகவே எடுத்து வளர்த்தார். அவள் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகும் அவர் விடவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று அறிய, நாள்தோறும் பெண்கள் மாளிகையின் முற்றத்துக்கு எதிரே நடந்துகொண்டிருந்தார் என்று நூல் சொல்கிறது. பிள்ளையை ஒரு வீட்டில் ஒப்படைத்ததோடு வேலை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. நம் அன்பியங்களிலும் அந்த முற்றத்தில் நடக்க யாராவது வேண்டும்.

ஞானப் பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருமுழுக்கின்போது குழந்தையை ஏந்தி நின்ற குடும்ப நண்பர்கள், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் தாங்களே பாதுகாவலர் என்று நம்புகிறார்கள். பலர் அப்படியே மனதார முன்வருகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் திருச்சபைச் சட்டம் அவர்களிடம் ஒப்படைப்பது பிள்ளையின் நம்பிக்கை வாழ்வை. நாட்டுச் சட்டத்தில் ஞானத்தாய்க்கு எந்த உரிமையும் இல்லை. தத்தெடுப்புக்காக 2015-ஆம் ஆண்டுச் சட்டம் 'உறவினர்' என்று சொல்வது இருபுறத்துத் தாத்தா பாட்டி, தந்தை வழி, தாய் வழி மாமா, சித்தப்பா, அத்தை, சித்தி முதலானோரை மட்டுமே. ஞானத்தந்தை அந்தப் பட்டியலில் இல்லை, திருமணமான மூத்த அக்காளும் இல்லை. எனவே குடும்ப நண்பர்கள் ஒரு பிள்ளையை வைத்து வளர்க்க விரும்பினால், மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவிடம் சென்று, தகுதியான நபர் என்றோ வளர்ப்புப் பராமரிப்புக் குடும்பம் என்றோ ஆணை பெறுவதே சரியான வழி. திருமணமாகாத ஒரு பெண்ணுக்குப் பிறந்த குழந்தையை, 'பிள்ளையில்லாத நல்ல கத்தோலிக்கக் குடும்பம்' என்று யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிடும் பழைய வழக்கம் இன்னும் முழுமையாக ஒழியவில்லை. முறையின்றித் தத்துக் கொடுப்பதும் வாங்குவதும் அச்சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். நல்ல மனது அதற்கு விலக்கு ஆகாது.

உறவினருக்கும் காகிதம் தேவை. அம்மாச்சி வளர்க்கிறார் என்பது ஊருக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாது. மாற்றுச் சான்றிதழ் வாங்க, சாதிச் சான்றிதழ் பெற, ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க, பிள்ளையின் பெயரில் உள்ள வைப்புத் தொகையைப் பாதுகாக்க ஒவ்வொரு இடத்திலும் 'நீங்கள் யார்?' என்று கேட்பார்கள். கிறிஸ்தவர்களுக்கெனத் தனிக் காப்பாளர் சட்டம் இல்லாததால், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படிதான் நாம் நீதிமன்றத்தை அணுக வேண்டும். 2000-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும் வரும்வரை, நம்மவர் சட்டப்படி தத்தெடுக்கவே வழி இல்லாமல், காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். இன்று உறவினரே தத்தெடுக்கவும் வழி உண்டு. 2022 செப்டம்பர் முதல் அதற்கான ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். எல்லாப் பாட்டிகளும் தத்தெடுக்க வேண்டும் என்பதில்லை. நிதி ஆதரவுக்கு விண்ணப்பிக்கவாவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் படி ஏற வேண்டும். அது பெரும்பாலும் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அதை ஒட்டியோதான் இருக்கும். பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், வருமானச் சான்றிதழ், பள்ளியில் படிப்பதற்கான சான்று என்று கேட்பார்கள். எழுத்தறியாத மூதாட்டிக்கு இது மூன்று நான்கு நாள் கூலி. பங்கில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூடப் போனால் ஒரே நாளில் முடியக்கூடிய வேலை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைத்தான் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேரனுக்கு ஒன்பது வயது, பாட்டிக்கு அறுபத்தெட்டு. அவன் பதினெட்டைத் தொடும்போது அவருக்கு எழுபத்தேழு. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள உடம்பு. அவருக்குப் பின் யார் என்ற கேள்வியை அவரிடம் கேட்பது நம் ஊரில் அபசகுனம். ஆனால் இரவில் விழித்துக் கிடக்கும்போது அவர் நினைப்பது அதைத்தான். பங்குத்தந்தையோ அன்பியத் தலைவியோ மெதுவாகக் கேட்டால் அவரே ஒரு பெயரைச் சொல்வார். சின்ன மகளாக இருக்கலாம், பேரனின் ஞானத்தாயாக இருக்கலாம். அந்தப் பேரனுக்கு யாரைப் பிடிக்கும் என்பதையும் அவர் அறிவார். அவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே அந்தப் பெயருக்கு உரியவரிடம் சம்மதம் வாங்கி, எழுதி, குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுத்து வைக்கலாம். இப்போதிருந்தே பள்ளி விடுமுறைக்கு அந்த வீட்டுக்குப் பேரன் போய் வரட்டும். அந்த வீட்டு நாய்க்கும் அவன் பழகிப்போகட்டும்.